குடைகிற கருவி எது நல்லது என்று கேட்ட மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். நலம் என்று நான் சொல்வதில் என் வலது தோள்பட்டை, வலது மணிக்கட்டு, சலவை எந்திரத்தின் கண்ணாடிக் கதவு ஆகிய மூன்றும் சேர்த்தி இல்லை. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும், புதிதாக வந்து இறங்கியிருக்கும் லேத்தும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

உன் கடிதம் கிடைத்தது. ஷெட்டிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் மரம் கடைகிற லேத்தை நிறுத்தியிருக்கிறாய், நாலைந்து கிண்ணம் கடைந்து அலுத்துவிட்டது, இனி வாய் குறுகி வயிறு பருத்த ஜாடி கடைந்து உள்ளே குடைய வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. அதற்கு எந்தக் குடையும் கருவி வாங்கலாம் என்று கேட்டுவிட்டு, "அத்தான் எல்லாத்தையும் வாங்கிப் பாத்த அனுபவசாலி" என்று முடித்திருக்கிறாய். எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தவன் என்பது வரை சரி. அனுபவசாலி என்கிற சொல்லை உன் அக்கா இரண்டாம் தடவையும் வாய்விட்டுப் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம்: எதையும் வாங்காதே. ஆனால் காரணம் சொல்லாமல் புத்தி சொன்னால் நீ கேட்க மாட்டாய் என்பது உன் கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் பார்த்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வெட்கம் என்னோடு போகட்டும், காசு உன்னோடு இருக்கட்டும்.

ஆரம்பம் என்னுடைய தலைக்கனம்தான். ஓய்வு பெற்று, கிளினிக்கை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், லேத் வாங்கி, கிண்ணம் கடையக் கற்றுக்கொண்டு, வாராவாரம் கடைசல் சங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே சங்கச் செயலாளர் ஒருவர். முன்பு பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். தலைமுடியிலும் புருவத்திலும் எப்போதும் மரச் சுருள் ஒட்டிக்கொண்டிருப்பதால் எல்லோருக்கும் அவர் 'சுருள்'. நான் கொண்டுபோன கிண்ணத்தை, செல்லாத டிக்கெட்டைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "டாக்டர், கிண்ணம்ங்கிறது வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு இருக்கற சாமான். யாரு வேணா கடைவாங்க. சின்ன வாய் வழியா உள்ள போயி வயித்தக் குடையணும். அப்பதான் நீங்க கடைசல்காரரு" என்றார். மாப்பிள்ளை, சின்ன வாய் வழியாக உள்ளே போய்க் குடைவதைப் பற்றி ஒரு பல் டாக்டரிடம், அதுவும் ஆயுள் முழுக்க அதையே செய்து சாப்பிட்டவனிடம் சொல்கிறார்! வாய் சின்னது, உள்ளே இருட்டு, கருவி போகும், கண் போகாது, கொஞ்சம் அதிகமாகக் குடைந்தால் அந்தப் பக்கம் வந்துவிடும். பல்லுக்கும் ஜாடிக்கும் என்ன வித்தியாசம்? ஜாடி 'ஆ' என்று கத்தாது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். கத்துகிறது. பல்லுக்காரனைவிட மோசமாகக் கத்துகிறது. அது பின்னால்தான் தெரிந்தது.

அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு மகளும் மருமகனும் சாப்பிட வந்திருந்தார்கள். உன் அக்காவின் ஓய்வு விழாவைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் தலைமை நர்ஸாக இருந்தவளுக்கு ஆஸ்பத்திரியே கூடி விழா எடுக்கப்போகிறது, மேடை, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு என்றாள் மகள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு மேடையில, எல்லார் முன்னாடியும், நானே கடைஞ்சு நானே குடைஞ்ச ஜாடிய உங்கம்மா கையில குடுப்பேன்" என்று அறிவித்தேன்.

"எதுக்குங்க ஜாடி?" என்றாள் உன் அக்கா.

"பூ வைக்க."

"மரத்துல தண்ணி ஊத்தலாமா?"

"காஞ்ச பூ வைக்க."

"ஓ" என்றாள். அந்த 'ஓ'வை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவன் எடுத்துக்கொள்ளக் கூடாத விதம் அது. மகள் அதோடு விடாமல் ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் ஜாடி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். இனி பின்வாங்க வழியில்லை.

மறுநாளே கருவிக் கடைக்குப் போனேன். கடையை நடத்துகிற அம்மா நல்ல மாதிரி, ஆனால் கேள்வி கேட்கிற மாதிரி. "எவ்ளோ ஆழம் குடையப் போறீங்க சார்? கையில புடிச்சுக் குடையறதா, சட்டம் போட்டா, இல்ல மூட்டுக் கையா?" என்று வரிசையாக அடுக்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் மனசு வரவில்லை. "என் கை போதும்மா, கையிலேயே புடிச்சுக்கறேன்" என்றேன் பெருமையாக. நீளமான ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக் கொடுத்தார். நுனியில் சுண்டுவிரல் நகம் மாதிரி ஒரு வெட்டும் முனை. கூடவே இன்னொரு கம்பி, இதன் நுனி மட்டும் அன்னத்தின் கழுத்துபோல வளைந்திருக்கும். நேர்க் கம்பி ஜாடியின் அடிவரை போகும், வளைந்தது வாய்க்குள் நுழைந்து திரும்பி, ஜாடியின் தோள்பட்டைக்குக் கீழே ஒளிந்திருக்கிற மரத்தைச் சுரண்டும். கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? ஆனால் அந்த வளைவுதான் எமன். முனை கம்பியின் நேர்க்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் நிற்பதால், சுற்றுகிற மரம் அதைப் பிடித்துக் கீழே இழுக்கும். முனை கீழே போனால் கம்பி உருளும். கம்பி உருண்டால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆளும் உருள்வான். இதை அந்த அம்மா சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை, பில் போடச் சொல்லிவிட்டேன்.

பயிற்சிக்கு என்று ஒரு கட்டையில் ஜாடியின் வெளிப்பக்கத்தைக் கடைந்து, நடுவில் ஆழமாகத் துளை போட்டு, வளைந்த கம்பியை உள்ளே விட்டேன். முதல் தொடுதலில் கொஞ்சம் தூள் வந்தது. ஆகா என்று இன்னும் உள்ளே நகர்த்தினேன். லேத்தில் கம்பியை ஏந்தி நிற்கிற தாங்கியை ஜாடியின் வாய்க்குப் பக்கத்தில் தள்ளி வைக்க வேண்டும் என்பதை மறந்துபோனேன். 'டக்'. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கைப்பிடி என் விலா எலும்பில் இடித்தது, தோள்பட்டை ஒரு தடவை பின்பக்கம் போய்த் திரும்பி வந்தது, ஜாடி, அதைக் கவ்விப் பிடித்திருந்த சக்கிலிருந்து கழன்று, கூரையில் ஒரு முட்டு முட்டி, அறையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த சலவை எந்திரத்தின் கதவில் போய் இறங்கியது. கண்ணாடி நொறுங்கி, சோப்புத் தண்ணீரும் என் சட்டைகளும் தரைக்கு வந்தன. உன் அக்கா ஓடி வந்தாள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, டார்ச் அடித்து இரண்டு கண்ணின் பாப்பாவையும் பார்த்தாள், கையைத் தூக்கச் சொன்னாள், விரலை மடக்கச் சொன்னாள், "உங்க பேரு என்ன, சொல்லுங்க" என்றாள். சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள். அவளுடைய தொழில் ஒழுக்கத்தை அன்றைக்கு நேரில் பார்த்தேன் மாப்பிள்ளை. திட்டும் அதே ஒழுக்கத்தோடு, ஒன்றுவிடாமல் வந்தது.

சுருளிடம் போய்ச் சொன்னேன். "கையில புடிச்சா அப்படித்தான். முறுக்கற வேலைய உங்க கை தாங்கக் கூடாது, இரும்பு தாங்கணும். சட்டம் போடுங்க" என்றார். அவரே கையில் பிடித்துத்தான் குடைகிறார் என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். சட்டம் என்பது இதுதான்: லேத்தின் பின்னால் இரண்டு இரும்புத் தண்டுகளை மேலும் கீழுமாகப் பொருத்திவிடுவார்கள். கம்பியின் வால் பகுதி அந்த இரண்டுக்கும் நடுவில் சிறைப்பட்டிருக்கும். முன்னே பின்னே போகலாம், பக்கவாட்டில் நகரலாம், ஆனால் உருள முடியாது. மரம் எவ்வளவு இழுத்தாலும் சட்டம் பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஒரே சங்கடம், அதற்கு நீளம் வேண்டும். என் லேத் இருப்பது மகள் கல்யாணமாகிப் போன பிறகு காலியான சின்ன அறையில். அளந்து பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். பொருத்தி முடித்தபோது ஜாடி அறையில் இருந்தது, கைப்பிடி வாசற்படியைத் தாண்டிச் சமையலறையில் இருந்தது. ஆக, நான் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பக்கத்து அறையில் சுற்றுகிற ஜாடியைக் குடைந்தேன். என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் லேத்தை நிறுத்திவிட்டு, நடந்து போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வர வேண்டும்.

உன் அக்கா டியூட்டி முடிந்து வந்தால் ஃபிரிட்ஜுக்குப் போக அந்தக் கம்பியைத் தாண்ட வேண்டும். முதலில் குனிந்து போனாள். பிறகு கம்பியைக் கரண்டியால் தட்டி, "கேட்டத் தொறங்க, பால் எடுக்கணும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் ரயில்வே கேட் காப்பாளன் மாதிரி லேத்தை நிறுத்தி, கம்பியை உருவி, வழிவிட்டு, மறுபடி சொருகுவேன். டீயில் மரத்தூள் மிதந்தது. ஒருநாள் அவள் டீயை வடிகட்டி என் முன்னால் வைத்து, "இது என்ன மரம்?" என்று கேட்டாள். சரியாகச் சொல்லிவிட்டேன். அதற்கு அவள் பாராட்டவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. குடையக் குடைய உள்ளே மரச் சுருள் நிறையும், அடிக்கடி நிறுத்தி வழித்தெடுக்க வேண்டும் என்பது முதல் பாடம். சமையலறையில் நிற்பவனுக்கு நடந்து போய் வழிக்கச் சோம்பல். தொடர்ந்து குடைந்தேன். உள்ளே சுருள் இறுகி, கம்பியைக் கவ்விக்கொண்டு, தேய்ந்து சூடாகி, ஜாடியின் வாயிலிருந்து புகை வந்தது. நான் புகைக்கு முன்னால் நின்று ஊதிக்கொண்டிருந்தேன். உன் அக்கா வந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு நீளமான இடுக்கி ஒன்றை எடுத்து வந்து, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த கருகிய சுருளைக் கொத்துக் கொத்தாக எடுத்துத் தட்டில் போட்டாள். போட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னாள்.

"எங்க தியேட்டர்ல ஒரு டாக்டர் இருந்தாரு. கை ஓடலைன்னா உடனே 'இந்தக் கத்தி சரியில்ல, வேற குடு'ன்னு கையை நீட்டுவாரு. நாங்க அதே கத்தியத் தொடச்சுட்டுத் திருப்பிக் குடுப்போம்."

"அப்புறம்?"

"'ஆங், இதுதான் கத்தி'ன்னு சொல்லிட்டு நல்லா வெட்டுவாரு."

"பாவம், முட்டாள்" என்றேன் நான். உன் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் விளங்க எனக்குப் பல நாள் ஆயிற்று. அதற்குள் மூன்றாவது கருவியை வாங்கிவிட்டிருந்தேன்.

மூன்றாவதுதான் மூட்டுக் கை. லேத்தின் மேலேயே திருகி நிறுத்துகிற இரும்புக் கை. தோள், முழங்கை என்று இரண்டு மூட்டு. கம்பி அதன் நுனியில் இருக்கும், முறுக்கை எல்லாம் அதுவே தாங்கிக்கொள்ளும், நாம் சும்மா வழிகாட்டினால் போதும். "சுண்டு விரலால தள்ளலாம் சார்" என்றார் கடைக்கார அம்மா. அதற்கு மேலே ஒரு லேசர் விளக்கு வேறு. உள்ளே முனை எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்று வெளியே, ஜாடியின் மேற்பரப்பில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். ஜாடியின் சுவர் எவ்வளவு கனம் வேண்டுமோ அவ்வளவு தள்ளி அந்தப் புள்ளியை வைத்துக்கொள்ள வேண்டும். குடையக் குடைய புள்ளி விளிம்பை நோக்கிப் போகும்; விளிம்பைவிட்டு நழுவியதும் நிறுத்திவிட வேண்டும், சுவர் வேண்டிய கனத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிகிறது. இந்த வசதி எனக்குப் பல் வைத்தியத்தில் இருந்திருந்தால் நான் இன்னும் நாலு பேர் முகத்தில் தைரியமாக விழித்திருப்பேன்.

மெய்யாகவே சொல்கிறேன், அது நன்றாக வேலை செய்தது. பயிற்சிக்கு எடுத்த இரண்டு கட்டைகள் பிசகாமல் ஜாடியாகின. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிஜ ஜாடிக்கு என்று ஒளித்து வைத்திருந்த கட்டையை வெளியே எடுத்தேன். அந்தக் கட்டையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு மரம் நின்றது. நீண்ட ஆபரேஷன் முடிந்து வெளியே வருகிற நர்ஸ்கள் அதன் கீழே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவர்களுக்கு அது 'டீ மரம்'. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று அதை வெட்டினார்கள். அன்றைக்கு உன் அக்கா வீட்டுக்கு வந்து, "டீ மரத்த வெட்டிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் அவளுக்குத் தெரியாமல் போய், மரம் அறுத்தவர்களிடம் கெஞ்சி ஒரு துண்டு வாங்கி வந்தேன். கிடைத்தது அந்த ஒரு துண்டுதான். வேறு எல்லாம் லாரியில் போய்விட்டது.

விழாவுக்கு முந்தைய நாள், உன் அக்கா கடைசி முழு டியூட்டிக்குப் போயிருந்தாள். ஜாடியின் வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது. வாய், விரலைக் குவித்தால் என் கை நுழைகிற அளவு. நேர் முனையால் அடிவரை குடைந்துவிட்டேன். மிச்சம் தோள்பட்டைக்குக் கீழே கொஞ்சம். அதற்கு வளைந்த முனை வேண்டும் என்று மாற்றிப் போட்டேன். முனையை மாற்றினால் சிவப்புப் புள்ளியையும் மாற்றி வைக்க வேண்டும், மாப்பிள்ளை. பெரிய எழுத்தில் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. சுருள் சொன்னார். கடைக்கார அம்மா சொன்னார். நானே சங்கத்தில் இன்னொருவருக்குச் சொன்னேன். மாற்றவில்லை. புள்ளி நிதானமாக ஜாடியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, 'இன்னும் நிறைய மரம் இருக்கு, தைரியமா வா' என்று கூப்பிட்டது. போனேன். சத்தம் மாறியது. தடிமனான குரலில் பேசிக்கொண்டிருந்த மரம் கீச்சென்று பேசத் தொடங்கியது. நான் அதை மரத்தின் சந்தோஷம் என்று நினைத்தேன். அடுத்த நொடி ஜாடியின் கழுத்து தனியாகக் கழன்று, தோள்பட்டையோடு சேர்ந்து, தொப்பியைக் கழற்றியதுபோல வந்து, கம்பியில் மாட்டிக்கொண்டு வளையமாகத் தொங்கியது.

லேத்தை நிறுத்தினேன். கழுத்து வளையத்தைக் கம்பியிலிருந்து உருவி எடுத்தேன். உள்பக்கம் எப்படி வந்திருக்கிறது என்று தடவிப் பார்க்கத் தோன்றியது. அதுவரை பார்க்க முடியாத பக்கம் அல்லவா அது? விரலைக் குவித்து உள்ளே விட்டேன். வழவழவென்று இருந்தது. நல்லாத்தான் குடைஞ்சிருக்கேன் என்ற ஒரு துக்கத்தோடு இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன். முழங்கணுக்களைத் தாண்டி மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. திரும்ப வரவில்லை.

சோப்புப் போட்டேன். எண்ணெய் போட்டேன். குளிர்ந்த தண்ணீரில் கையை முக்கினேன். இழுக்க இழுக்க கை வீங்கியதே தவிர வளையம் அசையவில்லை. ஒரு தட்டுத் தட்டினால் உடைந்துபோகும். சுத்தியலைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அந்த மரத்தில் பாதி ஏற்கனவே சுருளாகத் தரையில் கிடந்தது. மிச்சத்தையும் நானே உடைக்க எனக்கு மனசு வரவில்லை. மிஞ்சியிருந்த கீழ்ப்பாதியை இடது கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், எண்ணெய் பூசினேன். ஜாடிக்குக் கழுத்து போனால் என்ன ஆகும்? கிண்ணம் ஆகும். யாரு வேணா கடைவாங்க என்றாரே, அதே கிண்ணம்.

மறுநாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு விழாவுக்குப் போனேன். உன் அக்கா பூங்கொத்தோடு மேடையில் உட்கார்ந்திருந்தாள். பெரிய டாக்டர் பேசினார், சின்ன டாக்டர் பேசினார், அவளிடம் திட்டு வாங்கிய எல்லோரும் ஒருவர் விடாமல் வந்து பேசினார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். பொட்டலத்தை இடது கையால் கொடுத்தேன். பிரித்தாள். முன்வரிசையில் யாரோ, "ஜாடின்னு சொன்னாங்களே?" என்றார்கள். "வாய நல்லாத் தொறந்து வெச்ச ஜாடி" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. உன் அக்கா கிண்ணத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். விரலால் அதன் வரியைத் தடவினாள்.

"இது டீ மரமாங்க?" என்றாள் மெதுவாக.

தலையாட்டினேன். முன்வரிசை நர்ஸ்கள் எழுந்து கிட்டே வந்தார்கள். கிண்ணம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒலிபெருக்கி முன்னால் ஏதோ சொல்ல வாயெடுத்த உன் அக்கா, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. அது பாசத்தால் பாதி, மணிக்கட்டு வலியால் பாதி. அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் என் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். சட்டைக்குள் வளையம் 'டொக்' என்று மேடை மேஜையில் இடித்தது. உன் அக்காவின் கண் என் விரல்களுக்கு வந்தது.

"கை ஏன் நீலமா இருக்கு?"

"குளிரு."

"சட்டைய மடக்குங்க."

மடக்கினேன். அதன் பிறகு நடந்ததை நீ வந்து பார்த்திருக்க வேண்டும். பூங்கொத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, என்னை முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு மாவுக்கட்டு அறைக்குப் போனாள். விழாக் கூட்டம் மொத்தமும் பின்னால் வந்தது. மாவுக்கட்டு பிரிக்கிற சின்ன மின்ரம்பம் ஒன்று இருக்கிறதே, அதிர்ந்து கட்டை மட்டும் வெட்டும், தோலை வெட்டாது, அதை எடுத்தாள். வளையத்துக்கும் என் தோலுக்கும் நடுவில் ஒரு தகட்டைச் சொருகி, புது உடுப்போடு குனிந்து, ஒரு பக்கம் வெட்டினாள், மறு பக்கம் வெட்டினாள். கை கொஞ்சம்கூட ஆடவில்லை. வளையம் இரண்டு துண்டாக விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளுடைய வேலைக் காலத்தின் கடைசி நோயாளி நான்தான் மாப்பிள்ளை. அதையாவது எழுதிப் போடுங்கள் என்று பெரிய டாக்டரிடம் கேட்கலாம் என்று இருந்தேன், கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "ஜாடி குடுக்கறேன்னு சொல்லி இப்படி ஆக்கிட்டேன்" என்றேன். "எனக்கு ஜாடி வேணும்னு யாரு கேட்டா? சாவியும் கண்ணாடியும் போட்டு வைக்க வாசல்ல ஒரு கிண்ணம் இல்லையேன்னு எத்தன நாளா தேடிட்டு இருக்கேன்" என்றாள். எனக்கு அது புதுச் செய்தி. மூன்று கருவி வாங்குவதற்கு நான் ஊரெல்லாம் யோசனை கேட்டேன், சுருளைக் கேட்டேன், கடைக்கார அம்மாவைக் கேட்டேன். யாருக்காகக் குடைகிறேனோ அவளிடம் மட்டும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு, "நாளையிலேர்ந்து காலையில எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியலீங்க. பயமா இருக்கு" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. ஆயிரம் பேருடைய வயிறு திறந்திருக்கும்போது பக்கத்தில் நின்றவள். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதனாலதான் லேத் வாங்கினேன்" என்றேன். "தெரியும்" என்றாள். வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் கார் சாவியை வாங்கிக் கிண்ணத்தில் போட்டாள். நல்ல சத்தம் வந்தது.

ஆகவே மாப்பிள்ளை, அத்தானின் புத்திமதி இதுதான். கையில் பிடிக்கிற கம்பி வேண்டாம், அது ஆளை உருட்டும். சட்டம் வேண்டாம், வீட்டைப் பிளக்கும். மூட்டுக் கையும் லேசரும் வேண்டவே வேண்டாம், அது நம்பிக்கை கொடுத்துக் கழுத்தறுக்கும். குடைகிற ஆசையையே விட்டுவிடு. உன் மனைவிக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதைக் கடைந்து கொடு. நானும் குடைவதை அடியோடு விட்டுவிட்டேன். மூன்று கருவியையும் துணி போட்டு மூடிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். நீ பத்து விரலோடும், இரண்டு கண்ணோடும், முழுசான கண்ணாடிக் கதவு போட்ட சலவை எந்திரத்தோடும் நீடூழி வாழ ஆசி கூறும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சின்ன அறையில் லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. திருடன் வந்து லேத் ஓட்ட மாட்டான் என்று தைரியமாகப் போய்ப் பார்த்தேன். உன் அக்கா, தலையில் தியேட்டர் தொப்பி, முகத்துக்குக் கண்ணாடித் திரை, என்னை உருட்டிவிட்ட அதே அன்னக் கழுத்துக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஜாடியின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தாள். சுருள் சுருளாக மரம் வெளியே வந்து விழுந்தது. ஒரு 'டக்' கூட இல்லை. நான் காலையில் கடைத்தெருவுக்கு நடக்கப் போகிற நேரம் பார்த்து, நாலு வாரமாகப் பழகுகிறாளாம். இது மூன்றாவது ஜாடியாம். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், முட்டை ஓடு மாதிரி இருக்கிறது. "சத்தம் கீச்சுனு மாறினா நிறுத்திடணுங்க, அவ்வளவுதான்" என்கிறாள். என் கடிதத்தைப் படித்துவிட்டு, "தம்பிக்கு ஏன் பொய் எழுதறீங்க? கம்பி மேல ஒரு தப்பும் இல்ல, வாங்கச் சொல்லுங்க" என்றாள். அதோடு, ஒரே லேத்தில் இரண்டு பேர் எப்படிக் கடைவது, இன்னொன்று வேண்டும் என்கிறாள். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், கடை திறந்திருக்கும். மறுபடி எழுத நேரமில்லை. மேலே நான் வேண்டாம் என்று எழுதியிருக்கிற இடத்திலெல்லாம் வேண்டும் என்று திருத்திப் படித்துக்கொள்.